கஞ்சிச் சட்டியும் மந்தித் தட்டும்



ஷஃபான் பிறந்துவிட்டால் நம் அறக்கட்டளை அலுவலகத்தில் பேச்சு முழுவதும் நோன்புக் கஞ்சியைப் பற்றித்தான் இருக்கும். அரிசி எவ்வளவு, பருப்பு எவ்வளவு, எந்த நாள் யார் பொறுப்பு, விறகா கேஸா என்று. இந்த ஆண்டு அதில் புதிதாக ஒரு யோசனை வந்தது. கஞ்சியை விட்டுவிட்டு, ஆளுக்கொரு பெட்டியாக இஃப்தார் கொடுத்துவிடலாமே என்று இளைஞர்கள் சிலர் கேட்டார்கள். பெட்டியில் இரண்டு பேரீச்சம்பழம், ஒரு சமோசா, ஒரு கட்லெட், சிறிய குளிர்பானம் ஒன்று, தண்ணீர் பாட்டில். அவர்கள் தவறான எண்ணத்தில் கேட்கவில்லை. கஞ்சி காய்ச்ச ஆள் கிடைப்பதில்லை, தேக்சா கழுவ ஆள் இல்லை, பிள்ளைகள் கஞ்சியைத் தொடுவதில்லை என்று அவர்கள் சொன்ன மூன்றும் உண்மை.

இதற்கு நிர்வாகக் குழு என்ன முடிவு செய்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால், நம் ஊர்ச் சாப்பாடு இருபது முப்பது ஆண்டுகளில் எங்கிருந்து எங்கே வந்திருக்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். கஞ்சி அதில் ஒரு பகுதிதான். "உலகமயம்" என்று செய்தித்தாள்களில் எழுதுகிறார்களே, அது நம் வீட்டு அடுப்படிக்குள் எப்படி நடக்கிறது என்பதுதான் கேள்வி.

கடைத்தெருவில் ஒரு முறை நடந்து பாருங்கள். மந்தி, அல்ஃபஹாம், ஷவர்மா, கிரில், பார்பிக்யூ என்று பலகைகள். (மந்தி என்ற பெயரை முதலில் கேட்டபோது நம் பெரியவர்கள் சிரித்தது நினைவிருக்கும்.) இவற்றில் பல கடைகளை நடத்துவது நம் பிள்ளைகள்தாம். 2013 வாக்கில் சவூதியில் நிதாகத் சட்டம் இறுகியபோது திரும்பி வந்தவர்கள், 2020ல் கொரோனா காலத்தில் வேலை போய் வந்தவர்கள், கையில் இருந்த சேமிப்பைப் போட்டுத் தொடங்கிய கடைகள் அவை. ஹலாலான சம்பாத்தியம். அல்லாஹ் அவர்களுக்கு பரக்கத் செய்வானாக. அவர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை.

அயல்நாட்டுச் சாப்பாடு கூடாது என்று சொல்லவும் வரவில்லை. அப்படிச் சொல்லும் தகுதி கடற்கரை ஊர் முஸ்லிம்களான நமக்கு இல்லை. நம்மைப் போல் பிற நாட்டுச் சாப்பாட்டை வாங்கி வளர்ந்த சமுதாயம் வேறொன்று இருக்குமா என்பதே சந்தேகம்.

கடல் கடந்து வந்த பண்டங்கள்

கீழக்கரைத் தொதலை எடுத்துக்கொள்வோம். அரிசி மாவும் தேங்காய்ப் பாலும் கருப்பட்டியும் சேர்த்து மணிக்கணக்காகக் கிண்டி எடுக்கும் அந்தப் பண்டத்துக்கு இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் 'தோதோல்' என்று பெயர். இலங்கையிலும் அதே பெயர்தான். கப்பலில் போய் வந்தவர்கள் வழியே அது நம் ஊர்களுக்கு வந்திருக்கிறது. இலங்கை முஸ்லிம் வீடுகளிலும் நம் வீடுகளிலும் பெருநாளைக்குச் செய்யும் வட்டிலப்பத்தை, அங்கு வாழும் மலாய் மக்களோடு சேர்த்துப் பேசுவார்கள். நோன்பு திறக்கும்போது வண்ணம் வண்ணமாக வெட்டி வைக்கிறோமே கடல்பாசி, அதற்குக் கடைக்காரர் சொல்லும் 'அகர் அகர்' என்ற பெயர் மலாய்ச் சொல். ஆனால் அந்தப் பாசி நம் கடலிலும் விளைகிறது. மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றி மூழ்கிப் பாசி எடுத்துப் பிழைப்பவர்கள் இராமநாதபுரம் மாவட்டத்து மீனவப் பெண்கள். மாசி மாலத்தீவிலிருந்து வந்தது. சூரை மீனை அவித்துப் புகைபோட்டுக் காய வைப்பது அந்தத் தீவு மக்களின் தொழில். அதை இடித்துத் தேங்காயோடு சேர்த்துச் சம்பலாக்கியது நம் வீட்டுப் பெண்கள்.

மிளகாயே நம்முடையதல்ல. அமெரிக்கக் கண்டத்துப் பயிர். 1498ல் வாஸ்கோடகாமா கோழிக்கோட்டில் இறங்கிய பிறகு போர்ச்சுக்கீசியர் வழியாக இந்நாட்டுக்கு வந்தது. அதற்கு முன்னால் நம் ஆணத்துக்கு உறைப்பு மிளகிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். எந்தப் போர்ச்சுக்கீசியரை எதிர்த்துக் குஞ்ஞாலி மரைக்காயர்கள் நூறு ஆண்டுகள் கடலில் போரிட்டார்களோ, அவர்கள் கொண்டு வந்த காயைத்தான் இன்று நாம் மூன்று வேளையும் அரைக்கிறோம். தக்காளியும் அப்படி வந்ததே. தக்காளி போடாமல் கஞ்சி காய்ச்சிய தலைமுறைகள் இருந்திருக்கின்றன.

வாங்கியது போலவே கொடுத்தும் இருக்கிறோம். பினாங்கில் 'நாசி கந்தார்' என்று ஒரு சாப்பாடு பெயர் பெற்றது. தோளில் காவடித் தடி வைத்து ஒரு பக்கம் சோறும் ஒரு பக்கம் ஆணமுமாகச் சுமந்து விற்றவர்கள் நம் தமிழ் முஸ்லிம்கள். அந்தத் தடியின் பெயரே சாப்பாட்டின் பெயரானது. மலேசியாவில் நம்மவர் கடையை 'மாமாக்' கடை என்பார்கள். நம் 'மாமா'தான் அந்த மாமாக். இன்று மலாய்க்காரரும் சீனரும் அதைத் தங்கள் நாட்டுச் சாப்பாடாகவே நினைக்கிறார்கள்.

அப்படியானால் தொதல் வந்தது போலவே மந்தியும் வந்துவிட்டுப் போகட்டுமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அன்றைக்கும் இன்றைக்கும் ஒரு வேறுபாடு இருக்கிறது.

தொதலோடு அதைச் செய்யத் தெரிந்த கையும் வந்தது. கப்பலில் போனவர் அங்கே சாப்பிட்டார், செய்முறையைக் கற்றார், வந்து வீட்டில் சொன்னார். வீட்டில் இருந்த அரிசியையும் தேங்காயையும் பனங்கருப்பட்டியையும் போட்டு நம் பெண்கள் அதைச் செய்து பார்த்தார்கள். முதல் முறை அடிப்பிடித்திருக்கும். பத்தாவது முறை நம் ஊர்ப் பண்டமாகிவிட்டது. உடன்குடிப் பனையேறிக்கும் சாயல்குடிப் பனையேறிக்கும் அதனால் வேலை. தொதல் கிண்டும் வீட்டுக்கும் நாலு காசு. இப்போது வருவது அடுப்படிக்கு வருவதில்லை. அரிசி அரியானா, பஞ்சாபிலிருந்து வரும் பாஸ்மதி. கோழி பல்லடம் பக்கத்துப் பண்ணைகளிலிருந்து. எண்ணெய் இந்தோனேசியா. வெள்ளைச் சாந்து பாக்கெட்டில். மசாலாவும் பாக்கெட்டில். சமைக்கிறவர் பெரும்பாலும் வங்காளத்திலிருந்தோ அஸ்ஸாமிலிருந்தோ வந்த தம்பி. நம் ஊருக்கு மிஞ்சுவது கடை வாடகையும் முதலாளியின் லாபமும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். யமன் நாட்டு ஹளரமவ்த் பகுதியில் மந்தி என்றால் மண்ணுக்குள் தன்னூர் அடுப்பு வைத்து, அதற்குள் சோற்றை இறக்கி, மேலே இறைச்சியைத் தொங்கவிட்டு, அதன் கொழுப்பு சொட்டுச் சொட்டாகச் சோற்றில் இறங்க மூடி வைத்து வேக வைப்பது. பொறுமை வேண்டும், நல்ல ஆட்டிறைச்சி வேண்டும். இங்கே பல கடைகளில் அவசரத்துக்கு வேக வைத்த சோற்றின் நடுவே கரித்துண்டைப் போட்டுப் புகை ஏற்றி, மஞ்சள் நிறம் தூவித் தருகிறார்கள். ஹளரமவ்த்துக்காரர் பார்த்தால் இதை மந்தி என்று ஒத்துக்கொள்ள மாட்டார். நம்முடையதும் போய், அவர்களுடையதும் முழுசாக வந்து சேராத நிலை.

எண்ணெய்க் கதை

இந்த மாற்றத்தில் நம் கண்ணுக்கே படாமல் நடந்தது எண்ணெய் மாறியதுதான். அறுபது வயதைத் தாண்டியவர்களுக்குத் தெரியும், வீட்டில் தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய், கடலையெண்ணெய் மூன்றுதான். செக்கு எந்தத் தெருவில் இருந்தது என்றுகூடச் சொல்வார்கள். 1990களில் அரசு வெளிநாட்டு வாணிபத்தைத் திறந்தபோது, 1994ல் பாமாயில் இறக்குமதியைத் தனியார் வியாபாரிகளுக்கும் அனுமதித்தார்கள். விலை குறைவு, மணம் இல்லை, எவ்வளவு நேரம் சட்டியில் கொதித்தாலும் தாங்கும். பிறகு ரேஷன் கடைக்கும் வந்தது. ஏழை வீட்டுக்கு அது பெரிய உதவி, அதை மறுக்க முடியாது. இன்று உலகத்திலேயே அதிகமாகப் பாமாயில் இறக்குமதி செய்யும் நாடு இந்தியா. நாம் சாப்பிடும் சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது.

இதனால் என்ன என்பவர்கள் 2022 ரமலானை நினைத்துப் பாருங்கள். அந்த ஆண்டு பிப்ரவரியில் உக்ரைனில் போர் மூண்டது. சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பங்கு நமக்கு அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. அது நின்றவுடன் எல்லோரும் பாமாயிலுக்கு ஓடினார்கள். ஏப்ரல் 28ஆம் தேதி, ரமலானின் கடைசிப் பத்தில், இந்தோனேசியா தன் நாட்டு மக்களுக்கே எண்ணெய் போதவில்லை என்று பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியது. மே 23 வரை அந்தத் தடை நீடித்தது. நம் தெருவில் வடையும் சமோசாவும் போட்டு நோன்பு மாத வருமானத்தை நம்பியிருந்த பெண்கள் எண்ணெய் விலையைக் கேட்டுத் திகைத்து நின்றார்கள். கருங்கடலில் நடக்கும் போருக்கும் நம் தெரு வாணலிக்கும் இவ்வளவு நெருக்கம் இருக்கும் என்று யார் நினைத்தார்கள்? தேங்காய் விலையும் ஏறுகிறதே என்பீர்கள். ஏறுகிறதுதான். ஆனால் அந்தக் காசு பேராவூரணித் தோப்புக்காரருக்கோ பொள்ளாச்சித் தோப்புக்காரருக்கோ போய்ச் சேரும்.

பழையது எல்லாம் நல்லது என்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. "அந்தக் காலத்து நெய்ச்சோறு" என்று ஏங்குகிறவர்கள் பலர் உண்மையில் ஏங்குவது டால்டாச் சோற்றுக்கு. டால்டா 1930களில் ஒரு வெளிநாட்டு நிறுவனம் இங்கே கொண்டு வந்து விற்ற பொருள். நெய் வாங்க முடியாதவர்கள் அதை வாங்கினார்கள், காலப்போக்கில் அதுவே பாரம்பரியம் ஆகிவிட்டது. அதில் இருந்த கெட்ட கொழுப்பின் தீமையை உணர்ந்துதான் 2022 ஜனவரி முதல் நூற்றுக்கு 2 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்று அரசு கட்டுப்படுத்தியது. ஆகவே பாட்டிமார் செய்ததெல்லாம் மருந்து, கடையில் விற்பதெல்லாம் விஷம் என்று கோடு கிழித்துவிட வேண்டாம்.

சஹன் போய் சஹன் வந்தது

நம் நிக்காஹ் விருந்துகளில் சஹன் வைத்துச் சாப்பிடுவது வழக்கமாக இருந்தது. ஒரு பெரிய தாம்பாளத்தில் சோறு, நடுவில் இறைச்சி, சுற்றி நாலைந்து பேர். முதலாளியும் கூலிக்காரரும் ஒரே சஹனில் கை வைப்பார்கள். பக்கத்தில் இருப்பவருக்கு இறைச்சியைத் தள்ளி வைப்பது மரியாதை. பரிமாறுகிறவர் மறுசோறு கொண்டு வருவார். இந்த வழக்கத்தை நாமே விட்டோம். சுத்தமில்லை என்றார்கள், விருந்தாளிகள் கூச்சப்படுகிறார்கள் என்றார்கள். முதலில் இலை வந்தது, பிறகு பஃபே வந்தது. தட்டைக் கையில் ஏந்தி வரிசையில் நிற்கும் மணமகளின் மாமாவை நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது என்ன நடக்கிறது? மந்திக் கடைக்குப் போய்த் தரையில் உட்கார்ந்து, ஒரே பெரிய தட்டைச் சுற்றி நாலு பேர் சாப்பிடுவதற்குப் பிள்ளைகள் நல்ல விலை கொடுக்கிறார்கள். படம் எடுத்து அனுப்புகிறார்கள். அதைத் தவறென்று நான் சொல்லவில்லை. கூடிச் சாப்பிடும் ஆசை அவர்களிடம் இருக்கிறது என்பது மகிழ்ச்சிதான். வலீமா கொடுக்கும் குடும்பங்கள் இதை யோசித்துப் பார்க்கலாம். வீட்டில் பழைய சஹன்கள் பரணில் தூங்குகின்றன. அவற்றை ஈயம் பூசிக் கொடுக்க இன்னும் ஆள் இருக்கிறார்.

சாப்பாட்டோடு சொல்லும் போகிறது. 'ஆணம்' என்ற சொல் நம் சமுதாயத்துக்கே உரிய அழகான தமிழ்ச் சொல். இன்று மதரஸாவில் பிள்ளைகளிடம் ஆணம் என்றால் பாதிப் பேர் விழிக்கிறார்கள், கிரேவி என்றால் புரிகிறது. 'புளியாணம்' ரசமாகிவிட்டது. 'பசியாறிவிட்டீர்களா' என்று கேட்டது 'டிபன் ஆச்சா' ஆகிவிட்டது. விருந்துச் சமையல் செய்த பண்டாரிமார்களில் தங்கள் பிள்ளையைத் தொழிலுக்குக் கொண்டு வந்தவர் நம் ஊரில் எத்தனை பேர் என்று விரல் விட்டு எண்ணிவிடலாம்.

உடம்பும் நோன்பும்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் துணை நின்று நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2023ல் வெளியானது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள் என்கிறது அது. அறக்கட்டளையின் மருத்துவ உதவி விண்ணப்பங்களைப் பார்க்கிற எனக்கு இந்த எண்ணிக்கை வியப்பைத் தரவில்லை. டயாலிசிஸ் உதவி கேட்டு வரும் குடும்பங்களில் பல, சர்க்கரையில் தொடங்கிச் சிறுநீரகத்தில் முடிந்தவை.

சர்க்கரை நோய்க்கு ஷவர்மாதான் காரணம் என்று யாரும் சொல்ல முடியாது. உட்கார்ந்த வேலை, நடை குறைந்தது, பரம்பரை, வெள்ளை அரிசி என்று காரணம் பல. ஆனால் முன்பு பெருநாளைக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் சாப்பிட்டதை இப்போது வாரத்துக்கு மூன்று நாள் சாப்பிடுகிறோம் என்பதை மறைக்க முடியாது. கைப்பேசியைத் தொட்டால் இரவு பன்னிரண்டு மணிக்கும் வாசலுக்கு வருகிறது. விருந்து அன்றாடமாகிவிட்டது.

அவசரத்தில் ஏற்படும் ஆபத்தும் உண்டு. 2022 மே மாதம் கேரளத்தில் காசர்கோடு மாவட்டத்துச் செறுவத்தூரில் ஷவர்மா சாப்பிட்ட பள்ளி மாணவி ஒருவர் இறந்தார். 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் இன்னொரு சிறுமி. சுழலும் கம்பியின் வெளிப்புறம் வெந்திருக்கும், உட்புறம் வேகாமல் இருக்கும், கூட்டம் நெருக்கும்போது சீவிக் கொடுத்துவிடுவார்கள் என்பதே இதில் உள்ள சிக்கல். பச்சை முட்டையில் செய்யும் மயோனைசுக்கு 2025 ஏப்ரலில் தமிழக அரசு ஓராண்டுத் தடை விதித்ததும் இதே கவலையால்தான். கடை நடத்தும் சகோதரர்கள் இதைத் தங்கள் அமானிதமாகக் கருத வேண்டும். அறுத்தது ஹலால் என்பதோடு நம் கடமை முடிந்துவிடுவதில்லை. திருமறை ஹலாலைச் சொல்லும் இடத்திலேயே தய்யிப், அதாவது தூய்மையானது, நலமானது என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. நாம் ஹலால் முத்திரையைப் பார்த்துவிட்டு இரண்டாவது சொல்லை மறந்துவிடுகிறோம்.

இங்கே சகோதரிகள் பலர் மனத்தில் இருக்கும் கேள்வியையும் சொல்லிவிட வேண்டும். பழைய சாப்பாட்டைப் புகழ்வது ஆண்கள், அதற்காக அம்மியிலும் ஆட்டுரலிலும் முதுகு ஒடிந்தது பெண்கள் அல்லவா? முற்றிலும் சரி. நூறு பேருக்கு இடியாப்பம் பிழிந்துவிட்டுக் கை வலியோடு நோன்பு திறந்த உம்மாமார்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். இலவசமாக வாங்கிக்கொண்ட அந்த உழைப்புக்கு யாரும் கணக்கு வைக்கவில்லை. கடையில் பொட்டலம் வாங்கியதால் ஒரு பெண்ணுக்கு மாலையில் ஒரு மணி நேரம் ஓய்வு கிடைக்கிறது என்றால் அதைப் பறிக்க எனக்கு உரிமை இல்லை. ஆண்பிள்ளைகளும் கரண்டி பிடிக்கட்டும், விலைக்குச் செய்து தரும் பெண்களுக்கு உரிய கூலி கிடைக்கட்டும். இந்த இரண்டும் இல்லாமல் பாரம்பரியச் சாப்பாட்டைக் காப்பாற்ற வேண்டும் என்று மேடையில் பேசுவது வீண்.

கஞ்சி விஷயம்

இப்போது கஞ்சிக்கு வருகிறேன். நோன்புக் கஞ்சியில் என்ன இருக்கிறது? நொய்யரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, இஞ்சி, சீரகம், வெங்காயம், புதினா, மல்லி, தேங்காய்ப் பால். வசதி இருந்தால் கொத்துக்கறி. பதினான்கு மணி நேரம் காய்ந்த வயிற்றுக்கு நீரும் உப்பும் எளிதில் செரிக்கும் மாவும் ஒரே கோப்பையில் கிடைக்கின்றன. சர்க்கரை உள்ளவர்கள் ஒரு கோப்பையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், கஞ்சியும் அரிசிதானே. ஆனால் அதே நேரத்தில் எண்ணெயில் பொரித்த இரண்டு பண்டமும் ஒரு பாட்டில் சர்க்கரை நீரும் வயிற்றுக்குள் போவதோடு இதை ஒப்பிட முடியாது.

பெட்டியில் கிடைக்காத இன்னொன்றும் கஞ்சியில் உண்டு. அஸருக்குப் பிறகு பள்ளிவாசல் வாசலில் தூக்குவாளியோடு வரிசையில் நிற்பவர்களைப் பாருங்கள். நோன்பு வைத்தவர்கள் மட்டும் நிற்பதில்லை. பக்கத்துத் தெரு இந்துச் சகோதரிகளும் பிள்ளைகளும் நிற்கிறார்கள். காய்ச்சல்காரருக்குக் கொடுக்க வேண்டும் என்று கேட்டு வாங்கிப் போகிறார்கள். யாரிடமும் நீ யார் என்று கேட்டதில்லை. பெட்டி என்றால் எண்ணிக்கை வந்துவிடும். எண்ணிக்கை வந்தால் டோக்கன் வரும். டோக்கன் வந்தால் இவருக்கு உண்டு, அவருக்கு இல்லை என்று வரும். தமிழக அரசு ஆண்டுதோறும் ரமலானில் பள்ளிவாசல்களுக்கு அரிசி வழங்குவதும் கஞ்சிக்காகத்தான். அதைப் பெற்றுக்கொண்டு வாசலில் பெட்டி கொடுப்பது முறையாகாது.

எனவே நிர்வாகக் குழு கஞ்சியைத் தொடர்வது என்று முடிவு செய்தது. இளைஞர்கள் சொன்ன மூன்று குறைகளுக்கும் வழி செய்திருக்கிறோம். கஞ்சி காய்ச்சும் பண்டாரியோடு ஒவ்வொரு நாளும் இரண்டு இளைஞர்கள் துணைக்கு நிற்பார்கள். கற்றுக்கொள்வதற்காகவே. பெயர் கொடுத்தவர்கள் இதுவரை போதாது, கல்லூரி மாணவர்கள் முன்வர வேண்டும். தேக்சா கழுவுவதற்குக் கூலி கொடுத்து ஆள் வைக்கிறோம், இலவசச் சேவை என்ற பெயரில் ஒரே ஏழையின் தலையில் கட்டுவது இனி இல்லை. பிள்ளைகள் கஞ்சியைத் தொடுவதில்லை என்பதற்கு மருந்து, கஞ்சி ருசியாக இருப்பதுதான். சென்ற ஆண்டுகளில் செலவைக் குறைக்கத் தேங்காயைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டியிருந்தோம். இந்த ஆண்டு தேங்காய்க்கென்று தனியாக நன்கொடை வாங்குகிறோம். ஒரு நாள் தேங்காய்ச் செலவை ஏற்க விரும்புவோர் பொருளாளரிடம் பெயர் பதியலாம்.

கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள வடையும் துவையலும் இதுவரை வெளியே மொத்தமாக வாங்கினோம். இனி நம் தெருப் பெண்கள் பன்னிரண்டு பேரிடம் முறை வைத்து வாங்குவோம். அவர்களில் பெரும்பாலோர் விதவைகள், கணவரால் கைவிடப்பட்டவர்கள். எண்ணெய் அறக்கட்டளை வாங்கிக் கொடுக்கும், கடலையெண்ணெய். ஒரு முறை பொரித்த எண்ணெயை மறுநாள் ஊற்றக்கூடாது என்பது ஒப்பந்தத்தில் உண்டு. வெளியே வாங்குவதைவிடச் செலவு கூடும் என்பதைக் கணக்கர் எழுதிக் காட்டினார். கூடும் தொகையை ஜகாத் நிதியிலிருந்து எடுக்காமல், பொது நன்கொடையிலிருந்து ஈடு செய்கிறோம். உழைப்புக்குக் கொடுப்பது கூலி, அதை தர்மமாக எழுதுவது அவர்களுக்குச் செய்யும் அவமரியாதை.

வீட்டில் காய்ச்ச விரும்பும் இளம் தம்பதியருக்காக அளவும் தருகிறேன். நொய் ஒரு டம்ளர், பாசிப்பருப்பு கால் டம்ளர், வெந்தயம் ஒரு தேக்கரண்டி, பூண்டு பத்துப் பல், தண்ணீர் எட்டு டம்ளர். நொய்யும் பருப்பும் வெந்தயமும் அரை மணி நேரம் ஊறட்டும். வெங்காயம், இஞ்சி பூண்டு, பட்டை, கிராம்பு, புதினா, மல்லியை வதக்கித் தண்ணீர் ஊற்றி, கொதித்தவுடன் ஊறியதைப் போட்டு, அடி பிடிக்காமல் கிண்டி, குழைந்த பிறகு அடுப்பைக் குறைத்துத் தேங்காய்ப் பாலை ஊற்றி ஒரு கொதி வரும்போது இறக்கிவிடுங்கள். பாலை ஊற்றிய பிறகு நெடுநேரம் கொதிக்க விட்டால் திரிந்துவிடும்.

ஊர்ச் சமையலை எழுதி வைக்கும் வேலையையும் இந்த ரமலானில் தொடங்குகிறோம். தொதல், வட்டிலப்பம், தம்மடை, ஒட்டுமாவு, மாசிச் சம்பல், புளியாணம், பிள்ளை பெற்ற பெண்ணுக்குக் கொடுக்கும் மருந்துச் சோறு, மையித்து வீட்டுக்கு அனுப்பும் சாப்பாடு எல்லாம் அதில் இடம்பெறும். வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாள்களில் லுஹருக்குப் பின் மதரஸா மாணவிகள் இரண்டிரண்டு பேராக வீடுகளுக்கு வருவார்கள். மூத்த பெண்கள் சொல்லச் சொல்ல அவர்கள் எழுதிக்கொள்வார்கள். நடமாட முடியாதவர்கள் படுக்கையில் இருந்தபடியே சொல்லலாம். அளவு கிராமில் தெரியாவிட்டால் கவலை வேண்டாம். ஒரு கை, ஒரு சிரட்டை, பெருநாள் சட்டியில் பாதி என்று சொன்னாலும் அப்படியே எழுதிக்கொள்ளச் சொல்லியிருக்கிறோம். சட்டியை மாணவிகள் அளந்துகொள்வார்கள்.